மூன்று துளைகளின் விந்தை

பந்து என்றால் உருண்டை. உருண்டைக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. மேல், கீழ் என்பதும் இல்லை. எப்படிப் பிடித்து உருட்டினாலும் அது ஒன்றுபோலவே உருளும். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் எண்ணியிருக்கிறோம். ஆனால் அமெரிக்க நாட்டில் மிகுதியாக ஆடப்படும் ‘பௌலிங்’ என்னும் பந்துருட்டு விளையாட்டைச் சற்று உற்று நோக்கினால் இந்த எண்ணம் தவறு என்று விளங்கும். ஒரே தொழிற்சாலையில் ஒரே எடையில் வார்த்த இரண்டு பந்துகளை எடுத்துக்கொள்வோம். ஒரே பெண் அவற்றை ஒரே விதமாக உருட்டுகிறாள். ஒரு பந்து பாதி வழியிலேயே மெல்ல வளையத் தொடங்குகிறது. மற்றொன்று நெடுந்தூரம் நேராகச் சென்று, முடிவில் சட்டென்று திரும்புகிறது. வேற்றுமைக்குக் காரணம் என்ன? விரல்களை நுழைப்பதற்காகப் பந்தில் இட்ட மூன்று துளைகள் அமைந்த இடமே காரணம்!

மூன்று துளைகளால் இவ்வளவு மாறுதல் எப்படி நேரும்? இதை அறிய முற்பட்டால், இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் உராய்வு, சுழற்சி, நிலைமத் திருப்புத்திறன் ஆகிய மூன்றும் ஒரே மேடையில் வந்து நிற்பதைக் காணலாம். ஆகவே இவ்வாண்டு மலரில் இதனையே எடுத்துக்கொண்டோம்.

ஆடுகளமும் ஆட்டமும்

கிரிக்கெட்டில் பந்து வீசுவதையும் நாம் பௌலிங் என்றே சொல்கிறோம். இது அதுவன்று. வழவழப்பான நீண்ட பாதை ஒன்றின் முனையில் நிறுத்திய பத்துக் கட்டைகளைப் பந்தை உருட்டி வீழ்த்தும் ஆட்டம் இது. ஆடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து முதற் கட்டை வரை பாதையின் நீளம் 60 அடி. அகலம் 41½ அங்குலமே. இந்த அகலத்தில் 39 பலகைகள் நீளவாட்டில் அடுக்கியிருக்கும். இக்காலத்தில் பல இடங்களில் செயற்கைப் பொருளால் பாதை அமைத்தாலும், பலகைகளைப் போன்ற கோடுகளை வரைந்தே வைக்கிறார்கள். ஆடுபவர் குறி பார்ப்பதற்கு அந்தக் கோடுகளே துணை.

கட்டை ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், ஏறத்தாழ 3½ பவுண்டு எடை. முன்வரிசையில் ஒன்று, பின்னர் இரண்டு, மூன்று, நான்கு என்று முக்கோணமாக அவற்றை நிறுத்துவார்கள். பந்தின் குறுக்களவு சுமார் 8½ அங்குலம். அதாவது நாம் ஆடும் கால்பந்தின் பருமன்தான். ஆனால் எடையோ 16 பவுண்டு வரை, அதாவது 7¼ கிலோ வரை இருக்கலாம். சிறுமியர் ஆடுவதற்கு 6, 8, 10 பவுண்டுப் பந்துகளும் உண்டு.

வெளிப்பார்வைக்குத் தெரியாத ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. பாதையின் முற்பகுதியில், ஏறத்தாழ 40 அடி வரை, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். கடைசி 20 அடியில் எண்ணெய் இராது. மரப் பாதைகளைத் தேய்மானத்திலிருந்து காப்பதற்காக ஏற்பட்ட இந்த வழக்கம், நாளடைவில் ஆட்டத்தின் உயிர்நாடியாகவே ஆகிவிட்டது. எண்ணெயில் பந்து வழுக்கும்; உலர்ந்த இடத்தில் பிடிக்கும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்வன யாவும் எளிதில் விளங்கும்.

பந்து ஏன் வளைய வேண்டும்?

நேராக உருட்டினாலே கட்டைகள் விழுந்துவிடுமே, பந்து வளைய வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 அடி நீளமும் மூன்றரை அடிக்கும் குறைவான அகலமும் உள்ள பாதையில், ஓர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் பந்தை உருட்டினால், அது கட்டைகளைச் சந்திக்கும் கோணம் 2 பாகைக்கும் குறைவாகவே இருக்கும். இப்படி வரும் பந்து முதற் கட்டையில் மோதியதும் விலகி ஒதுங்கிவிடும். நடுவிலுள்ள கட்டைகளுக்குள் புக அதனால் இயலாது. ஏறத்தாழ 6 பாகைக் கோணத்தில் வந்து நுழைவதே சிறந்தது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். நேர்கோட்டில் செல்லும் பந்துக்கு அந்தக் கோணம் கிட்டாது. வளைந்து வரும் பந்துக்கே அது கிட்டும்.

வலக்கையால் ஆடுபவர் ஒருவர் பந்தைச் செவ்வையாக உருட்டினால் என்ன நிகழ்கிறது? பந்து 1, 3, 5, 9 ஆகிய நான்கு கட்டைகளை மட்டுமே தொடுகிறது. முதற் கட்டை இரண்டாவதை வீழ்த்துகிறது. இரண்டாவது நான்காவதையும், நான்காவது ஏழாவதையும் வீழ்த்துகின்றன. மறுபக்கத்தில் மூன்றாவது ஆறாவதையும், ஆறாவது பத்தாவதையும் சாய்க்கின்றன. ஐந்தாவது கட்டை எட்டாவதைக் கவனித்துக்கொள்கிறது. நான்கைத் தொட்டுப் பத்தும் விழுவதற்குப் பெயர்தான் ‘ஸ்ட்ரைக்’. கோணம் சிறிது பிசகினாலும் இந்தச் சங்கிலி அறுந்து, மூலையில் ஒரு கட்டை அசையாமல் நின்றுவிடும்.

வழுக்கி, வளைந்து, உருண்டு

கையை விட்டு நீங்கிய பந்து மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதலில் வழுக்குகிறது, அடுத்து வளைகிறது, இறுதியில் உண்மையாகவே உருள்கிறது.

பந்து மணிக்கு 18 மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு 26.4 அடி செல்லும். பந்தின் சுற்றளவு 27 அங்குலம், அதாவது 2¼ அடி. வழுக்காமல் உருள வேண்டுமானால் அது வினாடிக்குப் பன்னிரண்டு தடவைக்குச் சற்றுக் குறைவாக, நிமிடத்திற்குச் சுமார் 700 தடவை சுழல வேண்டும். ஆனால் ஆடுபவர் கை பந்துக்குக் கொடுக்கும் சுழற்சி நிமிடத்திற்கு 300 அளவில் இருந்தாலே அது நல்ல சுழற்சி எனலாம். ஆகவே தொடக்கத்தில் பந்து சுழன்றுகொண்டே வழுக்கிச் செல்கிறது. மழையில் நனைந்த சிமெண்டுத் தரையில் ஓடி வந்து நிற்க முயலும் பிள்ளை போல என்று சொல்லலாம்.

மேலும் பந்தின் சுழற்சி நேர் முன்னோக்கி அமைவதில்லை. விடும் கணத்தில் விரல்கள் பந்தின் பக்கவாட்டைத் தீண்டி மேலெழுவதால், சுழற்சி சற்றே சாய்வாக அமைகிறது. எண்ணெய் முடிந்து உலர்ந்த இடம் வந்ததும் உராய்வு மிகுகிறது. அந்த உராய்வு பந்தின் ஓட்டத்தைத் தடுப்பதோடு பக்கவாட்டிலும் அதனை இழுக்கிறது. இதுவே வளைவு. கடைசியில் ஓட்டமும் சுழற்சியும் ஒத்துப்போனவுடன் வழுக்கல் நின்று, பந்து நேர்கோட்டில் உருண்டு கட்டைகளுக்குள் புகுகிறது. இவ்வளவும் ஏறத்தாழ இரண்டரை வினாடிக்குள் நடந்து முடிகிறது!

எந்த இடத்தில் வழுக்கல் முடிய வேண்டும், எவ்வளவு வேகமாக வளைவு நிகழ வேண்டும் என்பனவற்றையே துளைகளின் அமைப்பு ஓரளவு தீர்மானிக்கிறது. அது எப்படி என்று அறியப் பந்தின் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும்.

பந்தின் வயிற்றில் என்ன இருக்கிறது?

முற்காலத்தில் இப்பந்துகளை ‘லிக்னம் வைட்டே’ என்னும் மிகக் கடினமான மரத்தில் கடைந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெட்டி ரப்பர்ப் பந்துகள் வந்தன. பின்னர் பாலியெஸ்டர்ப் பந்துகளும், 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்துகளும், 1990களின் தொடக்கத்தில் எண்ணெயை உறிஞ்சும் புதுவகைப் பிசின் பந்துகளும் வந்தன. மேலோடு மாற மாற வளைவும் மிகுந்தது. 1973-ஆம் ஆண்டில் டான் மக்யூன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், பந்தை ஓர் இரசாயனத் திரவத்தில் ஊறவைத்து அதன் மேலோட்டை மென்மையாக்கி ஆடினார். அந்த ஆண்டில் மட்டும் ஆறு பட்டங்களை வென்றார். அதன் பிறகே, பந்து இவ்வளவு கடினமாகவாவது இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

மேலோட்டுக்கு உள்ளே ‘கரு’ என்று சொல்லத்தக்க கனமான பகுதி ஒன்று இருக்கிறது. சில பந்துகளில் அது மின்விளக்குக் குமிழ் போல இருக்கும். சிலவற்றில் ஒருபக்கம் புடைத்துக் கோணலாக இருக்கும். வெளியே பளபளப்பான உருண்டை. உள்ளேயோ உருண்டையல்லாத ஒரு வடிவம்! சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

கனம் உள்ளே இருந்தால் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போலப் பந்து ஒரு பக்கமாகச் சாயாதா என்று நமக்குத் தோன்றும். பொம்மையின் கனம் முழுவதும் அடியில் இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் கீழே இருக்கிறது. எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிறது. பௌலிங் பந்தின் செய்தி வேறு. அதன் ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட நட்ட நடுவிலேயே இருக்கும். நெடுங்காலம் ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் ஓர் அவுன்ஸ் எடை கூடியிருப்பதே பந்தை வளைக்கிறது என்று நம்பிவந்தார்கள். ஆனால் 7 கிலோ எடையில் 28 கிராம் செய்யும் வேலை சொற்பமே. எடை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்பதைவிட, நடுவைச் சுற்றி எப்படிப் பரவியிருக்கிறது என்பதே முக்கியம் என்று பின்னர் தெளிந்தார்கள்.

சுழலும் நாற்காலியில் அமர்ந்து, கைகளை நீட்டியும் மடக்கியும் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். கைகளை மடக்கினால் வேகம் கூடும், நீட்டினால் குறையும். எடை மாறவில்லை, அச்சிலிருந்து எடை இருக்கும் தொலைவுதான் மாறியது. இதனைப் பாடப்புத்தகம் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. அதை அளந்து சொல்லும் வசதியான அளவே ‘சுழற்சி ஆரம்’. பௌலிங் பந்தின் சுழற்சி ஆரம் 2.46 அங்குலத்திலிருந்து 2.80 அங்குலத்திற்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே பந்தை வெவ்வேறு அச்சுகளில் சுழற்றும்போது இந்த அளவு மாறும். கருவின் நீளவாட்டு அச்சில் சுழற்றினால் மிகக் குறைவு. குறுக்கு அச்சில் சுழற்றினால் அதிகம். இவ்விரண்டுக்குமிடையே உள்ள வித்தியாசம் 0.060 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. அதாவது ஒன்றரை மில்லிமீட்டர்! இந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான் பந்துகளின் குணபேதங்கள் பலவும் அடங்கியிருக்கின்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதற்கு ஒரு சோதனையை நாமே செய்து பார்க்கலாம். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து, திறந்துகொள்ளாதபடி ரப்பர் வளையம் போட்டுக்கொள்ள வேண்டும். (பள்ளிப் புத்தகம் வேண்டாம், பழைய நாட்குறிப்பு போதும்.) அதை மேலே சுழற்றி எறிந்து பிடிக்க வேண்டும். புத்தகத்தின் நீளவாட்டை அச்சாக்கிச் சுழற்றினால் ஒழுங்காகச் சுழலும். அட்டையின் முகத்துக்குச் செங்குத்தான அச்சில், தட்டுச் சுழல்வது போலச் சுழற்றினாலும் ஒழுங்காகவே சுழலும். ஆனால் அகலவாட்டை அச்சாக்கி, மேல் விளிம்பு கீழே வருமாறு குட்டிக்கரணம் போடச் செய்தால், எவ்வளவு கவனமாக எறிந்தாலும் நடுவழியில் பக்கவாட்டிலும் புரண்டுவிடும்!

இதன் காரணம் என்ன? மிகக் குறைந்த சுழற்சி ஆரமுள்ள அச்சிலும் மிக அதிகமான சுழற்சி ஆரமுள்ள அச்சிலும் ஒரு பொருள் நிலையாகச் சுழலும். இடைப்பட்ட அச்சில் அது நிலைகொள்வதில்லை. அச்சு பொருளின் மேல் இடம் பெயர்ந்துகொண்டேயிருக்கும். பௌலிங் பந்தும் இந்த நியதிக்குக் கட்டுப்பட்டதே.

தடம் விரிதல்

அச்சு இடம் பெயர்ந்தால் என்ன ஆகும்? பந்து எண்ணெயின் மேல் சுழலும்போது, தரையைத் தொடும் இடமெல்லாம் எண்ணெய் ஒட்டி ஒரு வளையம் உண்டாகும். அச்சு மாறாமல் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் பட்ட அதே வளையமே மீண்டும் மீண்டும் தரையைத் தொடும். எண்ணெயில் நனைந்த தோல் எப்படிப் பிடிக்கும்? பந்து வழுக்கிக்கொண்டே போகும். அச்சு இடம் பெயர்ந்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தள்ளிப் புதிய, உலர்ந்த பகுதி தரையைத் தொடும். வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பெண்பிள்ளைகள் கட்டும் ரிப்பன் முடிச்சு போல, ஓரிடத்தில் ஒன்றுகூடி மற்ற இடத்தில் விரிந்து நிற்கும். இதற்குத் ‘தடம் விரிதல்’ என்று பெயர் சூட்டலாம். தடம் விரிய விரிய உராய்வு கூடும். உராய்வு கூடக் கூட வளைவும் கூடும்.

இனித் துளைகளுக்கு வருவோம்.

துளையிடும் முன் அளவெடுத்தல்

தொழிற்சாலையிலிருந்து வரும் பந்தில் விரல் துளைகள் இரா. கருவின் உச்சி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டச் சிறு வண்ணப் புள்ளி ஒன்று மட்டும் இருக்கும். இதனையும் ‘பின்’ என்றே அழைக்கிறார்கள்; நாம் குழப்பமின்றிக் ‘கருப்புள்ளி’ என்போம். கோணலான கரு உள்ள பந்துகளில், கரு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்பதைக் காட்டும் இன்னொரு குறியும் இருக்கும். இதனைக் ‘கனப்புள்ளி’ என்போம். இவை தொழிற்சாலையில் அமைந்தவை, மாற்ற முடியாதவை.

மாறக்கூடியது, பந்தை வாங்குபவரின் கை எந்த இடத்தில் அமரும் என்பதே. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இரண்டு துளைகள், கட்டைவிரலுக்கு ஒன்று. துளைகளைத் தள்ளிப் போட்டால் கை தள்ளி அமரும். கை தள்ளி அமர்ந்தால், கை கொடுக்கும் சுழற்சியின் அச்சு கருவை வேறொரு கோணத்தில் சந்திக்கும். துளைகள் வேலை செய்வது பெரும்பாலும் இப்படித்தான். அவை பந்திலிருந்து சிறிது பொருளை நீக்குவதால் சுழற்சி ஆரமும் சற்று மாறும். ஆனால் அது இரண்டாம் பட்சமே.

ஆகவே துளைப்பவர் முதலில் பந்தை அளப்பதில்லை, ஆளை அளக்கிறார். ஆடுபவரைப் பந்து உருட்டச் சொல்லி, பந்தில் படிந்த முதல் எண்ணெய் வளையத்தைப் பார்க்கிறார். அந்த வளையத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சம தொலைவில் உள்ள புள்ளியே அவருடைய சுழற்சி அச்சின் முனை. பூமி உருண்டையில் வடதுருவம் எப்படியோ அப்படி. இதை ‘அச்சுப் புள்ளி’ என்போம். வலக்கையால் ஆடுபவருக்கு இது பிடியின் நடுவிலிருந்து வலப்புறம் ஏறத்தாழ 5 அங்குலத்தில், சற்று மேலோ கீழோ அமையலாம். ஆளுக்கு ஆள் இது மாறும். அக்காள் தங்கை இருவருக்குங்கூட ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்று அளவுகள்

இந்த அளவு கிடைத்தபின் துளைப்பவர் மூன்று எண்களைத் தேர்ந்தெடுக்கிறார். இந்த முறையை ‘இரட்டைக் கோண முறை’ என்று சொல்வார்கள். மோ பினெல் என்ற அமெரிக்கப் பந்து வடிவமைப்பாளர் பெயருடன் இணைத்துப் பேசப்படும் முறை இது. கோணலான கருக்களைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் அவர். 2021-ஆம் ஆண்டில் காலமானார்.

முதல் அளவு, கருப்புள்ளிக்கும் அச்சுப் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம். பந்தின் சுற்றளவு 27 அங்குலம். துருவத்திலிருந்து நடுவரை வரை அதில் கால் பங்கு, 6¾ அங்குலம். கருப்புள்ளி அச்சுப் புள்ளியின் மேலேயே இருந்தால், கரு தன் நீளவாட்டு அச்சில் சுழலும், நிலையான சுழற்சி, தடம் விரியாது. கருப்புள்ளி 6¾ அங்குலம் தள்ளியிருந்தால், கரு குறுக்கு அச்சில் சுழலும். அதுவும் ஏறத்தாழ நிலையானதே. தடம் அதிகம் விரியாது. இரண்டுக்கும் சரிநடுவே, 3⅜ அங்குலத்தில், அதாவது 45 பாகைச் சாய்வில் வைத்தால், கரு நிலைகொள்ளாமல் தவிக்கும். தடம் மிகுதியாக விரியும். சோதனையில் நம் பழைய நாட்குறிப்பு புரண்டதை இங்கே நினைவுகொள்ளலாம்.

இரண்டாம் அளவு, கருப்புள்ளியிலிருந்து அச்சுப் புள்ளிக்குச் செல்லும் கோட்டுக்கும், கருப்புள்ளியிலிருந்து கனப்புள்ளிக்குச் செல்லும் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம். இது சிறிதாக இருந்தால் பந்து சீக்கிரம் வழுக்கலை விட்டு வளையத் தொடங்கும். பெரிதாக இருந்தால் தாமதமாகும். கரு கோணலாக இல்லாத பந்தில் இந்த அளவுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

மூன்றாம் அளவு, கருப்புள்ளியிலிருந்து வரும் கோட்டுக்கும், அச்சுப் புள்ளி வழியே மேலிருந்து கீழாக வரையும் நிலைக்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம். இது சிறிதாக இருந்தால் கருப்புள்ளி விரல் துளைகளுக்கு மேலே அமையும். பந்து உலர்ந்த இடம் வந்ததும் சட்டென்று திரும்பும். பெரிதாக இருந்தால் கருப்புள்ளி விரல் துளைகளுக்குக் கீழே அமையும். திருப்பம் மென்மையாக, வில் போல இருக்கும்.

இம்மூன்றையும் பந்தின் மேல் மெழுகுப் பென்சிலால் வரைகிறார். கருப்புள்ளியிலிருந்து தொடங்கி அச்சுப் புள்ளியை இடுகிறார். அதன் வழியே நிலைக்கோட்டை வரைகிறார். அங்கிருந்து, ஏற்கெனவே அளந்து வைத்த தூரத்தைப் பின்னோக்கி அளந்து பிடியின் நடுவைக் காண்கிறார். துளைகளுக்கு உரிய இடம் இந்தக் கணக்கின் கடைசி வரியில்தான் கிடைக்கிறது! அதன் பிறகே இயந்திரத்தில் பந்தைப் பொருத்துகிறார்.

யாருக்கு எது பொருந்தும்?

மூன்று பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருத்தி பந்தை வேகமாக விடுகிறாள். ஆனால் சுழற்சி குறைவு. அவள் பந்து வளைய நேரமின்றி ஓடிவிடும். அவளுக்கு இரண்டு கோணங்களும் சிறிதாக, உதாரணமாக 40 பாகையும் 35 பாகையுமாக வைத்து, இடையே உள்ள தூரத்தை 4 அங்குலமாக்கினால், பந்து முன்னதாகவே பிடித்து வளையும். இரண்டாமவள் மெதுவாக விடுகிறாள், சுழற்சியோ அதிகம். அவள் பந்து கட்டைகளை அடையும் முன்பே வளைந்து களைத்துவிடும். அவளுக்குக் கோணங்களை 90, 50 என்று பெரிதாக்கி, தூரத்தை 5 அங்குலமாக்கினால், பந்து தன் ஆற்றலைக் கடைசி வரை சேமித்து வைக்கும். மூன்றாமவள் மூலையில் நிற்கும் ஒற்றைக் கட்டையை வீழ்த்த விரும்புகிறாள். அவளுக்கு வளைவே வேண்டாம். எளிய கரு உள்ள பாலியெஸ்டர்ப் பந்து போதும். துளைகள் கைக்குப் பொருந்தினால் சரி.

வேகமாக ஆடுபவள் கெட்டிக்காரி, மெதுவாக ஆடுபவள் மட்டம் என்பது இங்கே இல்லை. அவரவர் இயல்புக்கு ஏற்ற அமைப்பு வேண்டும் என்பதுதான் செய்தி.

துளையால் ஆகாதவை

துளை அமைப்பே எல்லாம் என்றும் எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் இவ்விளையாட்டை நிர்வகிக்கும் யு.எஸ்.பி.சி. என்னும் அமைப்பு நடத்திய ஆய்வில், பந்தின் ஓட்டத்தை மாற்றுவதில் மேலோட்டின் சொரசொரப்புக்கே முதலிடம் என்று தெரியவந்தது. உப்புத்தாளால் தேய்த்த பந்து சீக்கிரம் பிடிக்கும். பளபளப்பாக்கிய பந்து தாமதமாகப் பிடிக்கும். அதற்கும் மேலாக ஆடுபவரின் வேகம், சுழற்சி, குறி ஆகியவை இருக்கின்றன. குறி தவறுபவருக்கு எந்தத் துளையும் துணை செய்யாது.

பந்தே எல்லா வேலையையும் செய்துவிட்டால் ஆடுபவரின் திறமைக்கு இடம் எது? இந்தக் கேள்வி விதி செய்பவர்களையும் வாட்டியிருக்கிறது. முன்பெல்லாம் விரலுக்குப் பயன்படாத நான்காவது துளை ஒன்றையும் இடலாம். எடையைச் சரிசெய்யத் தோன்றிய அந்தத் துளையைப் பலர் வளைவைக் கூட்டவும் குறைக்கவுமே பயன்படுத்தினார்கள். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் முதல் யு.எஸ்.பி.சி. அதனைத் தடை செய்தது. துளை இருந்தால் அதில் விரல் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி.

பெற்றோர் கவனத்திற்கு ஒன்று. வளைவைக் காட்டிலும் முதன்மையானது கையின் நலம். வாடகைப் பந்துகள் யார் கைக்கும் ஓரளவு பொருந்தும்படி துளைத்தவை; ஒருவர் கைக்கும் முழுவதும் பொருந்தாதவை. விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே தூரம் அதிகமானால் மணிக்கட்டு வலிக்கும். கட்டைவிரல் துளை பெரிதானால், பந்து நழுவாமலிருக்கப் பிள்ளை அதை இறுக்கிப் பிடிப்பாள். நாளடைவில் கையே கெடும். வளரும் பிள்ளைகளின் கை ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய துளைகளை அடைத்துவிட்டு மீண்டும் துளைக்க வழி உண்டு. ஆகவே பந்துக்காகப் பிள்ளையின் கையை வருத்த வேண்டியதில்லை. கைக்காகப் பந்தை மாற்றலாம்.

பெண்களும் பௌலிங்கும்

ஆண்களுக்கான அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 1895-இல் நியூயார்க் நகரில் தோன்றியது. பெண்களுக்கு அதில் இடமில்லை. 1916-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நாற்பது பெண்கள் கூடித் தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 2005-இல் இரண்டும் இணைந்து ஒன்றாயின. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மேரியன் லேடுவிக் அம்மையார் மகளிர் ஆல்-ஸ்டார் பட்டத்தை எட்டு முறை வென்றார். 2003-இல் மகளிர் தொழில்முறைப் போட்டிகள் நின்றுபோயின. ஆடுவதற்கு மேடையே இல்லாத அந்தக் காலத்தில் கெல்லி குலிக் என்ற பெண்மணி ஆண்களோடு போட்டியிட்டார். 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ‘சாம்பியன்கள் போட்டி’யின் இறுதியாட்டத்தில் கிறிஸ் பார்ன்ஸை 265–195 என்ற கணக்கில் வென்றார். பி.பி.ஏ. தொழில்முறைச் சுற்றில் ஆண்களை வென்று பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. மகளிர் சுற்று 2015-இல் மீண்டும் தொடங்கியது.

உடல் வலிமையில் முந்தியவர்களை ஒரு பெண்ணால் எப்படி வெல்ல முடிந்தது? பந்து தேவைப்படுவது இன்ன கோணமும் இன்ன சுழற்சியும் மட்டுமே. அவற்றைத் தருவது ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. தன் கையின் இயல்பை அறிந்து, அதற்கேற்பப் பந்தை அமைத்துக்கொண்டு, ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப உருட்டக் கற்றவருக்கு வெற்றி கிட்டுகிறது.

முடிவாக ஒரு சொல். கடையில் வரிசையாக இருக்கும் பந்துகள் யாவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கரு இருக்கிறது. அதை மாற்ற யாராலும் இயலாது. மாற்றக்கூடியது, அதனை எங்கே, எப்படிப் பிடிப்பது என்பதையே. நல்ல துளைப்பவர் அவசரப்படுவதில்லை. முதலில் உருட்டச் சொல்லிப் பார்க்கிறார், அளக்கிறார், கோடு கிழிக்கிறார், பின்னரே துளைக்கிறார். பிள்ளைகளை வளர்ப்போருக்கும், கற்பிப்போருக்கும், தம்மைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் மாணவியராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. பக்கத்துப் பெஞ்சில் இருப்பவளுக்குப் பொருந்திய அளவு நமக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். நம் கையை நாமே அளந்து அறிவோம்.